புண் வருமுன் ஒரு கணக்கு

வந்த நோய்க்கு மருந்து தேடுவதில் நமக்குள்ள அக்கறை, வரவிருப்பதை முன்னறிந்து தடுப்பதில் இருப்பதில்லை. படுக்கைப் புண் இதற்குத் தக்க உதாரணமாகும்.

சென்ற மாரியில் நெடுந்தீவுக்குப் போயிருந்தோம். பாரிசவாதத்தால் படுக்கையிலான நம் பெரிய தாயாரை அவர் மகள் தனியே பராமரித்து வருகிறார்; ஆண் மக்கள் வெளிநாட்டில் இருக்கின்றனர். துவைத்த விரிப்பு, நாள்தோறும் உடல் துடைத்தல், முதுகுக்குப் பவுடர் என எதிலும் குறைவில்லை. ஆயினும் அம்மையாரின் நாரியின் கீழ்ப்புறத்தில் தோல் கறுத்து, தொட்டால் சுட்டது. "அண்ணை, நான் அம்மாவுக்கு என்ன குறை வைச்சனான்?" என்று மகள் கலங்கினார்.

அன்பிலே குறையில்லை. எலும்பு துருத்திய இடங்களில், எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தசை நசுங்குகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. பிராணவாயு கிட்டாத தசை மடிகிறது. நாம் உறக்கத்திலும் நம்மையறியாமல் புரண்டுகொள்கிறோம். அது இயலாதவருக்குச் சில மணி நேரமே போதும். நாரி, இடுப்பு, குதிக்கால், முழங்கை ஆகியன புண்ணாகத் தொடங்கும்.

இப்புண் யாருக்கு வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கலாமா? கணிக்கலாம் என்று காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டொரீன் நோர்ட்டன் என்னும் தாதி. வைத்தியசாலையில் இருந்த முதியோரிடையே ஆய்வு நடத்தி, 1962ஆம் ஆண்டில் தம் துணைவர் இருவருடன் அவர் அதனை வெளியிட்டார். மேலே பூசுபவற்றைக் காட்டிலும், முறைப்படி புரட்டிக் கிடத்துவதே புண்ணைத் தடுக்கும் என்பது அதன் முடிவு. அவர் கேட்ட கேள்விகள் ஐந்து: உடல்நிலை எப்படி? அறிவு தெளிவாக உள்ளதா? நடமாட்டம் எவ்வளவு? படுத்தபடி கை கால்களைத் தாமே அசைக்கிறாரா? மலசலம் கட்டுப்பாட்டில் உள்ளதா? ஒவ்வொன்றுக்கும் நல்ல நிலைக்கு 4, மிக மோசமான நிலைக்கு 1. மொத்தம் 20. கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் குறைவாயின் ஆபத்து உண்டு.

நம் பெரிய தாயாருக்குக் கணக்கிட்டோம். உடல்நிலை 3, அறிவு 4, நடமாட்டம் 1, அசைவு 2, கட்டுப்பாடு 2. ஆக 12! தோல் கறுக்கும் முன்னரே இக்கணக்கைப் போட்டிருக்கலாமே என்று வருந்தினோம்.

1987இல் அமெரிக்காவில் பாபரா பிறேடனும் நான்சி பேர்க்ஸ்ட்ரொமும் வெளியிட்ட அளவையில், உணவு, ஈரம், விரிப்போடு தோல் உராய்தல் ஆகியனவும் சேர்ந்தன. ஆகவே நோயாளியை இழுக்காமல், இருவராகத் தூக்கி நகர்த்துதல் வேண்டும். மெல்ல இயலாதவர்க்கு மீனும் பயற்றங்காயும் இட்ட ஒடியற்கூழ், முட்டை, பால் நன்று.

எண் நமக்கு எச்சரிக்கையே, கண்ணுக்கு மாற்றன்று. நாள்தோறும் தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் வெளிறாவிடின் கேடு தொடங்கிவிட்டது. நம்மவரின் கரிய தோலில் சிவப்புத் தெரியாது. கருமை, சூடு, இறுக்கம், நோவு ஆகியவற்றைத் தேடுக. அவ்விடத்தைத் தேய்த்துப் பிடித்துவிடுதல் கூடாது. இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றுதல் பொதுவான வழக்கம். எவருக்கு எவ்வளவு என்பதை வைத்தியரிடம் கேட்டறிக. குதிக்கால் படுக்கையில் படாதவாறு கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைக்கலாம். காய்ச்சல் வந்தாலோ உணவு குறைந்தாலோ மீண்டும் கணக்கிடுக.

தீவகத்தார்க்கு இது மிகவும் வேண்டுவது. புண் ஆழமாகிவிட்டால், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரப் படகுப் பயணம். பின் புங்குடுதீவு, வேலணை, பண்ணை கடந்து யாழ்ப்பாணம். காற்றுக் கடுமையான நாளில் அந்நோயாளியின் பாடு என்னாகும்?

இப்போது அவ்வீட்டுச் சுவரில் ஒரு தாள் தொங்குகிறது. புரட்டிய நேரம் அதில் குறிக்கப்படுகிறது. அயல் வீட்டுப் பெண்கள் முறைவைத்து வந்து கைகொடுக்கின்றனர். கறுத்த இடம் புண்ணாகவில்லை. உங்கள் அயலிலும் இப்படித் தனித்துப் பாடுபடும் ஒரு மகள் இருக்கலாம். போய்ப் புரட்ட ஒரு கை கொடுங்கள்.