இரண்டு ஏணிகளில் ஏறிய வழக்கறிஞர்

நம்மூரில் முன்சீப் நீதிமன்றத்தில் தோற்றவர் மேல்முறையீடு, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஒரே ஏணியில் ஏறுகிறார். அமெரிக்காவில் ஏணி இரண்டு. மாநில நீதிமன்றங்கள் தனி, கூட்டாட்சி நீதிமன்றங்கள் தனி. அரசமைப்புச் சட்டக் கேள்வி எழுந்தால் இரண்டுமே உச்ச நீதிமன்றத்தில் போய் முடியும். இந்த இரண்டு ஏணிகளிலும் ஏறி இறங்கியவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டிய கறுப்பினப் பெண் வழக்கறிஞர் இவர்.

1921-ல் பிறந்தார். அப்பா சமையல்காரர். மேற்படிப்புக்குக் காசில்லை, மேடையில் அவர் பேசியதைக் கேட்ட ஒரு செல்வந்தர் படிக்க வைத்தார். அண்ணல் அம்பேத்கர் படித்த அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1946-ல் சட்டம் முடித்து, கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளை நடத்திய என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் சேர்ந்தார்.

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் கதவு திறக்கவில்லை. மிசிசிப்பி பல்கலைக்கழகம் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரைச் சேர்க்க மறுத்தது. 1961 மே மாதம் மோட்லி கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிபதி இழுத்தடித்துத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் வெற்றி. உடனே அந்த நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி தடை போட்டார். ஒரு முறையல்ல, நான்கு முறை! உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலையிட்ட பிறகே அந்தத் தடைகள் நீங்கின. எதிர்த்தரப்பு அடுத்த ஏணிக்குத் தாவியது. வாக்காளர் பதிவில் பொய் சொன்னார் என்று, மெரிடித் இல்லாமலேயே உள்ளூர் நீதிமன்றத்தில் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். (ஊரை எதிர்த்தவர் மீது பொய் வழக்குப் போடுவது நமக்கும் பழக்கப்பட்ட கதைதான்.) அந்தத் தண்டனையை நிறைவேற்றவும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தடை வாங்கப்பட்டது. 1962 அக்டோபர் 1 அன்று, கலவரத்தில் இருவர் செத்த மறுநாள், மெரிடித் வகுப்புக்குப் போனார். 1963-ல் பட்டம் வாங்கினார்.

இந்த ஒரு மாணவருக்காக நியூயார்க்கிலிருந்து மோட்லி மிசிசிப்பிக்குத் திரும்பத் திரும்பப் போனார். அங்கே கறுப்பினத்தாருக்கு ஓட்டலில் அறை தரமாட்டார்கள்.

பர்மிங்காமில் நடந்தது இன்னும் வேகம். 1963-ல் போராட்டத்துக்குப் போன ஆயிரத்துக்கும் அதிகமான பள்ளி மாணவர்களைக் கல்வி வாரியம் நீக்கியது. மே 22 அன்று மாவட்ட நீதிபதி கைவிரித்தார். அன்றே அட்லாண்டாவில் மேல்முறையீட்டுத் தலைமை நீதிபதியிடம் போய் உத்தரவு வாங்கிவிட்டார்கள். எந்த மனுவை, எந்த நாளில், யார் முன் வைப்பது என்ற அறிவுதான் அங்கே பிள்ளைகளைக் காப்பாற்றியது. நம் சட்டக் கல்லூரிகளில் மேடைப் பேச்சுக்கு இருக்கும் மவுசு நடைமுறைச் சட்டத்துக்கு இல்லை என்பது எங்கள் குறை.

மாநில ஏணியிலும் ஒரு வழக்கு. அலபாமாவில் குற்றச்சாட்டு பதிவு செய்யப்படும் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் நிறுத்தப்பட்ட கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை. மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1961-ல் மோட்லி வாதாட, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தது. அந்த நீதிமன்றத்தில் வாதாடிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

அங்கே வாதாடிய பத்தில் ஒன்பது வென்றார். 1966-ல் கூட்டாட்சி நீதிபதியானார். தோற்ற ஒன்று, கறுப்பினத்தாரை ஜூரியிலிருந்து அரசு வக்கீல் கழித்துக்கட்டுவது பற்றியது. அந்த 1965 தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1986-ல் மாற்றிக்கொண்டது.