சிங்கத்தின் கால்விரலை எண்ணுங்கள்

ஏமாந்தவன் எழுதும் கட்டுரை இது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இணைய ஏலம் ஒன்றில் பழைய தபால் தலை ஒன்றை 4,800 ரூபாய்க்கு எடுத்தேன். இளஞ்சிவப்பும் கறுப்புமாக, துருக்கியக் காசில் இருபது பரா மதிப்புள்ள தலை. நடுவில் துருக்கியப் பிறை, பிறையின் மேல் நீல மையில் ஒரு சிங்கம். ‘தென் பல்கேரியா, 1885, அரிது, உள்ளது உள்ளபடி’ என்று விற்றவர் எழுதியிருந்தார். அந்த நான்கு விவரங்களில் முதல் மூன்றை நம்பினேன். நாலாவதைப் படிக்கவே இல்லை.

கும்பகோணத்தில் முப்பத்தெட்டு வருஷம் டிரெடில் அச்சகம் நடத்தியவன் நான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் என்று விரல் இடுக்கில் மை காயாமல் இருந்தவன். அப்படிப்பட்டவன் கண்ணிலேயே ஒரு சிங்கம் மண்ணைத் தூவியது.

பல்கேரியாவுக்கும் கும்பகோணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சின்னவர்கள் கேட்கிறார்கள். என் வயதுக்காரர்கள் கேட்க மாட்டார்கள். எங்கள் பள்ளி நாட்களில் கடைகளில் தொங்கிய ஸ்டாம்ப் பாக்கெட்டைப் பிரித்தால் பல்கேரியாவும் ஹங்கேரியும்தான் அதிகம் கொட்டும். பூ, மீன், பளு தூக்குபவர் என்று பெரிது பெரிதாக, பளபளவென்று இருக்கும். ஒரு மூலையில் கால் வட்டமாக முத்திரை. திருப்பினால் பசை அப்படியே இருக்கும். கடிதத்தில் ஒட்டவே ஒட்டாத தலைக்கு முத்திரை எப்படி வந்தது? அந்த நாட்டுத் தபால் துறையே தாள் தாளாக முத்திரை குத்தி, சேகரிப்பவர்களுக்கென்று மொத்தமாக விற்றது என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தலை அசல், முத்திரையும் அசல். ஆனால் கடிதமும் இல்லை, பயணமும் இல்லை. எது அசல் என்ற கேள்வி அன்றைக்கே மனதில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பளபளப்பிலிருந்து பின்னோக்கி நடந்து நடந்து, அந்த நாட்டின் முதல் தலைகளுக்கு வந்து சேர்ந்தேன்.

ரஷ்யா துருக்கிப் போர் முடிந்து, 1878இல் பெர்லின் உடன்படிக்கை பல்கேரியர்களின் நிலத்தைக் கூறு போட்டது. வடக்கே, பெயரளவில் சுல்தானுக்குக் கட்டுப்பட்ட ஒரு சிற்றரசு. தெற்கே, கிழக்கு ருமேலியா என்று சுல்தானின் கீழேயே ஒரு தன்னாட்சி மாகாணம். சிற்றரசு 1879 மே 1 அன்று தன் முதல் தபால் தலைகளை வெளியிட்டது. அவர்கள் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். மற்ற ஐரோப்பாவுக்கு அது மே 13. முட்டை வடிவச் சட்டத்துக்குள் முடி சூடிய சிங்கம். 5, 10, 25, 50 சாந்திம், 1 பிராங்க் என்று ஐந்து மதிப்புகள். சொந்த நாணயமான ஸ்தொதின்கி தபால் தலையில் ஏறியது 1881இல்தான். அச்சிட்டது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ரஷ்யாவின் ரூபிள் நோட்டு அச்சான அதே அரசு அச்சகத்தில்.

அந்த அச்சகம்தான் நமக்குப் பாதுகாப்பு. சிங்கத்தின் பிடரியை எந்தக் கைதேர்ந்த ஆளும் பார்த்து வரைந்துவிடலாம். தாளை அவன் எங்கே போய்த் தேடுவான்? 1879ஆம் வருஷத் தலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெருக்கமாகக் கோடுகள் ஓடும். தாள் வார்த்த சல்லடையின் தழும்பு அது. கறுப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து வைத்து, லைட்டரில் ஊற்றும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டால் அலை அலையாக நீர்க்குறி எழும்பும். எழுத்தைப் பெட்ரோலில் கழுவிப் பழகிய எனக்கு அந்த வாசனை புதிதல்ல. நீங்கள் செய்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கு ஏற்றாதீர்கள். பிறகு பல். இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்று எண்ணுவதற்கு அட்டை இருக்கிறது. மேலும் கீழும் 14½, பக்கவாட்டில் 15 வரவேண்டும். கோடும் அலையும் பல்லும் ஒருசேரச் சரியாக இருக்கும் போலியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அச்சு முறையும் காட்டிக்கொடுக்கும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். டிரெடிலில் ஓட்டியது என்றால் பின்பக்கம் தடவினால் எழுத்து லேசாகத் தட்டுப்படும். முன்பக்கம் எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கிக் கரை கட்டியிருக்கும். இப்போதைய ஆஃப்செட் பத்திரிகையில் அது கிடையாது. பல்கேரியாவின் முதல் சிங்கங்கள் முதல் வகை. பழைய போலிகளில் பல கல்லச்சில் போட்டவை. லென்ஸில் பார்த்தால் தாள்மேல் மை தட்டையாகப் படுத்திருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் எப்படி ஏமாந்தேன்? நான் வாங்கிய தலை போலி அல்ல. அதன் மேல் குத்திய சிங்கம்தான் போலி.

1885 செப்டம்பரில் தெற்கு மாகாணம் கிளர்ந்தெழுந்து வடக்கோடு சேர்ந்துகொண்டது. ப்லோவ்திவ் நகரத் தபால் நிலையத்தில் கையிருப்பாக இருந்தவை சுல்தானின் பிறை போட்ட கிழக்கு ருமேலியத் தலைகள். புதுத் தலை வரும்வரை அவற்றின் மேலேயே பல்கேரியச் சிங்கத்தைக் கையால் குத்தினார்கள். சில வாரங்கள்தான் அது புழங்கியது. சுல்தானின் பிறைமேல் சிங்கத்தை உட்காரவைத்த அந்த ஒரு குத்தில் ஒரு புரட்சியே இருக்கிறது. ஆகவே விலை. சிங்கம் ஏறாத வெறும் ருமேலியத் தலையோ அன்றும் இன்றும் மலிவு. மலிவான அசலை வாங்கி, ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டால் போதும். தாளைச் சோதித்தாலும் பல்லைச் சோதித்தாலும் தேறிவிடும். முழுப் பொய்யைவிடப் பாதி உண்மை ஆபத்தானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஏலத்தில் எடுத்த தலை வந்து ஒரு மாதம் ஆல்பத்தில் வைத்து அழகு பார்த்தேன். ஒருநாள் மத்தியானம் மேஜை விளக்கைச் சாய்த்து, இடுக்கியால் தூக்கி, லென்ஸை வைத்தேன். அசல் சிங்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு காலிலும் நான்கு விரல், மற்றதில் மூன்று. என் சிங்கத்துக்கு மூன்று காலில் நான்கு, ஒரு காலில் மூன்று. மை கொஞ்சம் குறைந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆசை அப்படித்தான், வக்கீல் வைத்து வாதாடும். பிறகு ஓரத்தில் இருந்த தபால் முத்திரையைப் பார்த்தேன். வளைந்த விளிம்பில் இரண்டு இலக்கம் பளிச்சென்று இருந்தது: 84. சிங்கம் பிறந்ததே 85இல். பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பே அது கடிதத்தில் ஏறிப் போயிருக்கிறது! அந்த எண் முதல் நாளிலிருந்து அங்கேதான் இருந்தது.

இதே கதைதான் 1884, 85இல் வந்த மதிப்பு மாற்றிய தலைகளுக்கும். தேவைப்பட்ட மதிப்புகளுக்கு 10 ஸ்தொதின்கியின் மேல் 3, முப்பதின் மேல் 5, இருபத்தைந்தின் மேல் 15, ஒரு பிராங்கின் மேல் 50 என்று அச்சிட்டார்கள். எழுத்தச்சிலும் உண்டு, கல்லச்சிலும் உண்டு. ஒற்றை எண்தானே என்று போலி செய்பவனுக்குக் கொண்டாட்டம். எந்தக் கேட்டலாக்கைப் புரட்டினாலும் இந்தப் பக்கத்தில் எச்சரிக்கை இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அசலில்தான் பிழை இருக்கும். 1885இல் ஒரு ஸ்தொதின்கா தலையில் ‘ஒன்று’ என்பதற்கு ஆண்பாலில் ‘எதின்’ என்று அச்சாகிவிட்டது. ஸ்தொதின்கா பெண்பால் சொல். ‘எத்னா’ என்றுதான் வந்திருக்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால் ‘ஒருவன் வந்தாள்’. இரண்டு ஸ்தொதின்கி தலையிலும் அதே தவறு. மறு வருஷம் திருத்தி அச்சிட்டார்கள். ஒரு ஸ்தொதின்கா தலையில் அவர்கள் எழுத்தில் எண்ணிப் பார்த்தால் போதும்: ‘ஒன்று’ என்ற சொல்லில் ஐந்தெழுத்து இருந்தால் பிழையான முதல் பதிப்பு, நான்கெழுத்து இருந்தால் திருத்தியது. இன்னொன்று இன்னும் பெரிய பிழை. 1882ஆம் வருஷ வரிசையில் 10 ஸ்தொதின்கியின் ரோஜா நிறத் தாளில் 5 ஸ்தொதின்கி ஒன்று நுழைந்துவிட்டது. பச்சையில் வரவேண்டியது ரோஜாவில் வந்தது. பாரம் பூட்டும்போது கட்டை மாறிவிட்டால் என்ன ஆகும் என்று அச்சகத்தில் நின்றவனுக்குத் தெரியும். என் கையாலேயே ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தத் தேதி மாறிப் போயிருக்கிறது. அன்று வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. பல்கேரியாவில் அதே வகைத் தவறு அந்நாட்டின் மிகப் பெரிய அபூர்வங்களில் ஒன்றாகிவிட்டது.

சரி, என்னை ஏமாற்றியது யார்? அந்தச் சிங்கத்தைக் குத்தியவன் செத்து நூறு வருஷம்கூட ஆகியிருக்கலாம். அவனுக்குப் பிறகு எத்தனை கை மாறி என்னிடம் வந்ததோ? அதில் ஒருவராவது லென்ஸ் வைத்துப் பார்த்திருக்க மாட்டாரா? பார்த்தார்கள், தெரிந்துகொண்டார்கள், அடுத்தவன் தலையில் கட்டினார்கள் என்றுதான் நினைக்கிறேன். விற்றவருக்கு எழுதினேன். ‘உள்ளது உள்ளபடி என்று போட்டிருக்கிறேனே, ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும்’ என்று பதில் வந்தது. நிபுணரிடம் சான்றிதழ் வாங்கலாம்தான். வெளிநாட்டுக்கு அனுப்பிக் கட்டணமும் கட்டினால் தலையின் விலையைத் தாண்டும். லட்ச ரூபாய்த் தலையை எல்லாரும் சோதிக்கிறார்கள், ஐந்து ரூபாய்த் தலையைப் போலி செய்ய ஆள் இல்லை. நடுவில் ஐயாயிரம் ரூபாய்த் தலைகள்தான் அநாதை. போலிகள் குடியிருப்பது அங்கேதான்.

நண்பர் ஒருவர் யோசனை சொன்னார்: “நீங்களும் உள்ளது உள்ளபடின்னு போட்டு ஏலத்துல விட்டுடுங்க அண்ணே. யாருக்குத் தெரியப் போவுது?” இரண்டு நாள் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் சொன்னபோது மனைவி அரிசி புடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: “வாங்கினப்ப பணம் போச்சு. வித்தீங்கன்னா பேரும் போகும்.”

ஜெனீவாவில் பிரான்சுவா ஃபூர்னியே என்று ஒருவர் இருந்தார். பல நாட்டுத் தலைகளுக்கும் நகல் செய்து, விலைப்பட்டியல் போட்டுப் பகிரங்கமாக விற்றவர். 1917இல் அவர் இறந்து சில வருஷம் கழித்து, மிஞ்சிய சரக்கை அந்த ஊர்ச் சேகரிப்பாளர் சங்கமே வாங்கியது. 1928இல் அவற்றை ஒட்டிச் சுமார் 480 ஆல்பங்கள் செய்து, போலியை அடையாளம் காணும் பாடப் புத்தகமாக்கியது. மீதியை அழித்தது. அதுதான் சரியான வழி என்பது என் கட்சி. போலியை ஒளித்தால் அது எப்படியும் வெளியே வரும். பெயர் எழுதி வைத்தால் பாடம் சொல்லும்.

ஆகவே சேகரிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ‘அரிது’ என்று எழுதுகிறவர் ‘உள்ளது உள்ளபடி’ என்றும் எழுதினால் அவரிடம் வாங்காதீர்கள். முன்பக்கமும் பின்பக்கமும் பெரிதாக்கிய படம் கேளுங்கள். போலி என்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் கேளுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் ஆல்பத்தில் போலி அகப்பட்டால் அது கை மாறும் சங்கிலியை உங்களோடு அறுத்துவிடுங்கள். ஊருக்கு ஊர் இருக்கும் தபால் தலைச் சங்கங்கள் இப்படி அறுந்தவற்றை ஒரு ஆல்பத்தில் சேர்த்து, பள்ளிப் பிள்ளைகள் கையில் லென்ஸோடு கொடுக்கலாம்.

என் 4,800 ரூபாய்ச் சிங்கத்தின் முதுகில் மென்மையான பென்சிலால் ‘போலி’ என்று எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டுவிட்டேன். அது இனி விற்பனைக்கு இல்லை.