காஜா மெஷினும் எக்ஸ் கதிர்க் கருவியும்

புதியம்புத்தூருக்கு நீங்கள் வந்ததுண்டா? தூத்துக்குடி மாவட்டத்தில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் ஊர். வானம் பார்த்த பூமிதான். ஆனால் தெருவுக்குள் நுழைந்தால் காதில் விழுவது தையல் மெஷின் சத்தம். பாவாடை, நைட்டி, சிறுவர் சட்டை என்று ஆயத்த ஆடைகள் இங்கே தைக்கப்பட்டு வெளியூர்களுக்குப் போகின்றன. வீட்டுக்குள் ஒரே ஒரு மெஷின் போட்டுத் தைப்பவரும் உண்டு. கொட்டகை கட்டி வரிசையாக மெஷின் போட்டிருப்பவரும் உண்டு.

சட்டையில் பொத்தான் துளை போடுவதைக் காஜா எடுப்பது என்பார்கள். அதற்கென்று ஒரு தனி மெஷின் இருக்கிறது. சின்னத் தையல்காரர் யாரும் அதை வாங்குவதில்லை. விலை அதிகம்; ஒரு சட்டைக்கு அதில் ஆகும் வேலையோ ஓரிரு நிமிடம்தான். ஆகவே தைத்த துணிகளை மூட்டையாகக் கட்டி, காஜா எடுத்துக் கொடுப்பவரிடம் கொண்டு போகிறார்கள். துளைக்கு இவ்வளவு என்று கூலி. பல பேருடைய துணி அந்த ஒரு மெஷினில் நாள் முழுவதும் ஓடுகிறது. அதை ஓட்டுகிறவருக்கு அதன் நோவுநொடியெல்லாம் அத்துபடி. சத்தம் கொஞ்சம் மாறினாலே கையை எடுத்துவிட்டு ஊசியைப் பார்ப்பார்.

நான் இயற்பியல் ஆசிரியன். தையலைப் பற்றி எழுதப் புகுந்தால் ஊரார் சிரிப்பார்கள். நமது பல்கலைக்கழகங்களில் மக்கள் பணத்தில் வாங்கி வைத்திருக்கும் ஆராய்ச்சிக் கருவிகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்கு விடை தேடும்போதெல்லாம் இந்தக் காஜா கடைதான் நினைவுக்கு வருகிறது.

நம் காலடி மண்ணையே எடுத்துக்கொள்வோம். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது. விட்ட பென்சில் உள்ளே போய்விடும் அளவுக்கு வெடிப்பு. ஐப்பசி மழை பெய்ததும் அதே மண் உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்கிறது. ஏன்? இந்த மண்ணில் மாண்ட்மொரில்லோனைட் வகைக் களிமண் கனிமம் மிகுதி. சீட்டுக்கட்டுப் போல அடுக்கடுக்கான அமைப்பு அதற்கு. நீர் அந்த அடுக்குகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது. காய்ந்தால் அடுக்குகள் நெருங்குகின்றன. இந்த இடைவெளியைச் சாதாரண நுண்ணோக்கியால் பார்க்க முடியாது. மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கு ஆங்ஸ்ட்ராம் என்று பெயர். நாம் அளக்க வேண்டியது பத்து, பதினைந்து ஆங்ஸ்ட்ராம்.

அதற்குத்தான் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவி. தாமிர இலக்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். அந்தக் கதிர் எந்தக் கோணத்தில் பலமாகத் திரும்பி வருகிறது என்று பார்த்தால் அடுக்குகளின் இடைவெளி கணக்கில் வந்துவிடும். சூடாக்கி உலர்த்திய மாண்ட்மொரில்லோனைட்டில் சுமார் 10 ஆங்ஸ்ட்ராம். எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தை ஊட்டினால் சுமார் 17. மண் உப்புகிற கதை முழுவதும் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. வேண்டியது ஒரு சிட்டிகை மண்தான். கருவியின் விலையோ பல லட்சம் ரூபாய். எந்தச் சிற்றூர்க் கல்லூரியும் அதை வாங்க முடியாது. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் எம்.எஸ்ஸி. படித்தபோது இந்த மண்ணைத்தான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். எங்கள் துறையில் கருவி இல்லை. அடுத்த கட்டடத்தில், இன்னொரு துறையில் இருந்தது. போய்க் கேட்டேன். "எங்கள் மாணவர்களுக்கே நேரம் போதவில்லை" என்று பதில் வந்தது. தினமும் அந்த வழியாகத்தான் சாப்பிடப் போவேன். பல நாள் அந்த அறை பூட்டியே கிடந்தது. சன்னல் வழியே பார்த்தால் கருவியின் மேல் உறை போர்த்தியிருந்தது. முடிவில் மண்ணைப் பொட்டலம் கட்டி, வெளியூரில் இருந்த ஒரு பொது மையத்துக்கு அஞ்சலில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் வரைபடம் வந்தது. அடுத்த கட்டடத்தைவிட வெளியூர் எனக்குக் கிட்டத்தில் இருந்தது!

அந்தப் பேராசிரியரை நான் குறை சொல்லவில்லை. அவர் திட்டம் எழுதி, டில்லிக்கு நடையாய் நடந்து அந்தக் கருவியை வாங்கியிருப்பார். வாங்கிய கருவி கெட்டுப் போனால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். குறை ஏற்பாட்டில் இருக்கிறது.

பக்கத்துக் கதவு திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு வரலாறு உண்டு. 1952இல் ஜி.என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. எக்ஸ் கதிரில் தேர்ந்தவர். எதை ஆராய்வது என்ற யோசனையில் இருந்தார். சென்னைக்கு வந்திருந்த பெர்னால் என்ற விஞ்ஞானி, கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பேச்சில் குறிப்பிட்டார். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் அது.

இயற்பியல்காரர் கொலாஜனுக்கு எங்கே போவார்? கிண்டியில் அவர் வேலை செய்த இடத்துக்கு அருகே, அடையாறில், 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே பெரும்பகுதி கொலாஜன்தானே! அங்கிருந்து அவருக்குக் கிடைத்தது கங்காரு வாலின் தசைநாண். அது தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் கொடுத்தது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் கொலாஜனுக்கு மூன்று இழை அமைப்பைச் சொன்னார்கள். மறு ஆண்டே அதைச் செம்மைப்படுத்தி, மூன்று இழைகளும் கயிறு போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கியவை என்று காட்டினார்கள். அணுக்கள் அவ்வளவு நெருங்கி இருக்க முடியுமா என்று வெளிநாட்டு அறிஞர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்புக்கு விடை தேடியதில் பிறந்ததுதான் 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட ஆய்வு. புரதங்களின் அமைப்பைச் சரிபார்க்க இன்றும் உலகெங்கும் பயன்படும் 'இராமச்சந்திரன் வரைபடம்' அதில் வந்ததே.

தோல் பதனிடுகிறவர்களும் இயற்பியல்காரரும் ஒரே கட்டடத்தில் இருக்கவில்லை. ஒரே நிறுவனத்தில்கூட இல்லை. இவரிடம் எக்ஸ் கதிர் இருந்தது, அவர்களிடம் கொலாஜன் இருந்தது. "இது எங்கள் துறைப் பொருள்" என்று யாராவது சொல்லியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

பொது மையங்கள் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1970களின் நடுவில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 'வட்டார நுட்பக் கருவி மையம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஒன்று, பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஒன்று, சண்டிகாரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஒன்று என்று வந்தன. பெயர் பின்னர் மாறியது; வேலை மாறவில்லை. எந்தக் கல்லூரி மாணவரும் மாதிரியை அனுப்பிக் கட்டணம் கட்டினால் அளந்து தருவார்கள். டில்லியில் 1984இல் அமைந்த அணு அறிவியல் மையம், பல்கலைக்கழகங்களுக்கென்றே ஒரு பெரிய துகள் முடுக்கியை நிறுவியது. எந்த நிறுவனத்தில் என்ன கருவி இருக்கிறது என்று கணினியில் தேடும் 'ஐ-ஸ்டெம்' தளம் 2020 ஜனவரியில் தொடங்கியது.

ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதும் கருவி ஓடுவதும் ஒன்றல்ல. இங்கேதான் என் நண்பர் ஒருவர் மறுக்கிறார். "ஊர்க் கிணற்றில் எல்லாரும் இறைப்பார்கள், தூர்வார ஒருவரும் வரமாட்டார்கள். பொது அறையில் வைத்தால் ஆறே மாதத்தில் கருவி பழுதாகும்" என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நான் அவரிடம் கேட்பது ஒன்றுதான்: காஜா மெஷின் ஏன் பழுதாகிக் கிடப்பதில்லை? அதற்கென்று ஓர் ஆள் இருக்கிறார். அவருக்கு அதுதான் பிழைப்பு. வரும் கூலியில் ஊசியும் எண்ணெயும் வாங்குகிறார். நம் பல்கலைக்கழகங்களோ பல லட்சத்தில் கருவியை வாங்கிவிட்டு, அதை ஓட்ட நிரந்தரமாக ஒருவரை நியமிக்கத் தயங்குகின்றன. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அதைக் கற்றுக்கொள்கிறார். பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவரோடு அந்தத் தொழிலறிவும் போய்விடுகிறது. கருவி கேட்டு மனுப் போடும்போதே அதை ஓட்டுபவருக்குச் சம்பளமும் பழுது பார்க்கப் பணமும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கருவியே வேண்டாம் என்பேன்.

பொது அறையில் இன்னொரு லாபமும் உண்டு. கணக்கில் எழுத முடியாத லாபம். காஜா கடையில் முறைக்குக் காத்திருக்கும் தையல்காரர்கள் சும்மாவா இருக்கிறார்கள்? எந்த ஊரில் என்ன துணி போகிறது, யாரிடம் நூல் மலிவு என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படுகிறது. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கரிசலுக்கேற்ற பருத்தி அங்கே நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. பருத்தி இழையின் வலிமைக்கும், அதற்குள் செல்லுலோஸ் நுண்ணிழைகள் எவ்வளவு சாய்வாகச் சுற்றியிருக்கின்றன என்பதற்கும் தொடர்பு உண்டு. அந்தச் சாய்வை அளப்பதும் எக்ஸ் கதிர்தான்! பருத்தி விதை தேர்பவர், மண் ஆராயும் மாணவர், நூல் அறுந்து போவது ஏன் என்று கேட்கும் ஆடை உற்பத்தியாளர் மூவரும் ஒரே பெஞ்சில் காத்திருந்தால், என்ன பேச்சு வரும் என்று நினைத்துப் பாருங்கள். தனித்தனித் துறையின் பூட்டிய அறைகளில் இந்தப் பெஞ்சு கிடையாது.

ஆகையால் நான் கேட்பது பெரிய காரியமல்ல. நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் கருவிகளை ஒரு துறையின் வாசலுக்குள் வைக்காமல் பொது அறையில் வைக்கட்டும். மாதத்தில் ஒரு நாளையாவது வெளிக் கல்லூரி மாணவர்களுக்கென்று ஒதுக்கட்டும். அவர்களுக்குக் கட்டணம் பஸ் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டாம். பள்ளி மாணவர்களாகிய நீங்களும் ஆசிரியரோடு வந்து, உங்கள் ஊர் மண்ணை உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லிக் கேட்கலாம். தயங்க வேண்டாம். அந்தக் கருவியில் உங்கள் வீட்டார் வாங்கும் தீப்பெட்டியின் வரியும் இருக்கிறது.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வரும் சித்திரையில் உங்கள் ஊர்க் கரிசல் வெடிப்பில் ஒரு குச்சியை விட்டு, ஆழமும் அகலமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தாளில் மடித்து, இடமும் தேதியும் எழுதி வையுங்கள். முதல் மழைக்குப் பின் அதே இடத்தில் மீண்டும் அளந்து, இன்னொரு பொட்டலம் கட்டுங்கள். இரண்டையும் உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்து, இதை அளக்கக்கூடிய கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள்.