கரிசல் விவசாயி காணாத கணக்கு

புரட்டாசி பிறந்துவிட்டால் புதூர் வட்டாரத்தில் எல்லோருடைய கண்ணும் வானத்தின் மேல்தான். கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் என்று நீண்டு கிடக்கும் இந்தக் கரிசல் பூமி மழையை நம்பிய பூமி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய், மல்லி எதுவானாலும் வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் உண்டு. மேகம் கூடுவதற்கு முன்பே விதை வேண்டும், உரம் வேண்டும், டிராக்டர் வாடகை வேண்டும். ஆகவே கடன் வேண்டும்.

அந்தக் காலத்தில் கடன் கொடுப்பவருக்கு ஆளைத் தெரியும். அவன் அப்பனையும் தெரியும். வட்டி கொடுமைதான். ஆனால் போன வருஷம் மழை பொய்த்தது என்பதை அவரிடம் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்று வங்கியில் இருப்பவர் ஆளைப் பார்க்குமுன் ஒரு கணக்கைப் பார்க்கிறார். யாரைப் பற்றிய கணக்கோ, அவர் மட்டும் அதைப் பார்த்ததே இல்லை! அதுதான் கடன் அறிக்கை. ஜனங்களின் பேச்சில் 'சிபில்'.

சிபில் என்பது என்ன?

2000ம் ஆண்டில் ஏற்பட்ட ஒரு ஸ்தாபனத்தின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. இன்று இந்த வேலையைச் செய்பவை நான்கு கம்பெனிகள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 2005ம் ஆண்டுச் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இவை நடக்கின்றன. யார், எங்கே, எவ்வளவு கடன் வாங்கினார், எந்தத் தவணையை எத்தனை நாள் தாமதித்தார் என்ற விவரம் முழுவதும் இவற்றிடம் இருக்கிறது. அதிலிருந்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண்ணும் போடுகிறார்கள்.

இந்தக் கம்பெனிகள் கடன் கொடுப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரத்தைப் பதிந்து வைக்கின்றன, அவ்வளவே. அனுப்புகிறவர் தவறாக அனுப்பினால் பதிவும் தவறாகத்தான் இருக்கும்.

மழை அறியாத மதிப்பெண்

2016ல் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ஆனால் தவணை தவறிய தேதிக்குத் தெரியுமா வறட்சி? ஊதாரியின் தாமதமும் கரிசல்காரனின் தாமதமும் அங்கே ஒரே நிறம்தான். பதிவு குறைந்தது ஏழு ஆண்டுகள் நிற்கும். 2025ல் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது விவசாயிகள் கொதித்தெழுந்ததில் நியாயம் உண்டு.

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். பதிவில் உள்ள பிழையையாவது திருத்த வேண்டாமா? அடைத்த கடன் பாக்கியாக நிற்கலாம். பெயரும் ஊரும் ஒத்த வேறொருவர் கடன் தம் பேரில் ஏறியிருக்கலாம். அடையாள நகலை யாருக்கோ கொடுத்ததில், வாங்காத கடன் முளைத்திருக்கலாம். வங்கியுடன் பேசி ஒரு தொகையோடு முடித்த கடன், 'முழுதும் அடைத்தது' என்று வராது. 'சமரசத்தில் முடித்தது' என்றே வரும். அதுவும் ஒரு கறைதான்.

குழுக் கடனில் தவணை கட்டும் பெண்களுக்கும் இதில் வேலை உண்டு. குழுவாகச் சேர்ந்து வாங்கினாலும் கடன் அவரவர் பெயரில் பதிவாகிறது. சொந்தக்காரருக்கு ஜாமீன் போட்டவர் கணக்கிலும் அந்தக் கடன் காணும்.

பிள்ளைகள் வரை

இது கடனோடு நிற்கும் விவகாரம் அல்ல. பாரத ஸ்டேட் வங்கி ஒருவருக்குக் கொடுத்த வேலை நியமனத்தைப் பழைய கடன் பதிவுகளைக் காட்டி ரத்து செய்தது. கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதாடியும், வங்கி செய்தது சரியே என்று 2025ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படித்துவிட்டு வங்கி வேலைக்குக் காத்திருக்கும் கரிசல் வீட்டுப் பிள்ளை, செல்போன் வாங்கிய தவணையைக்கூட அலட்சியம் செய்யக்கூடாது என்பதே இதன் பாடம். கல்விக் கடன் விஷயத்தில் மட்டும் ஓர் ஆறுதல்: மதிப்பெண் குறைவு என்பதற்காக மாணவனின் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்று 2023ல் கேரள உயர்நீதிமன்றம் கூறியிருக்கிறது.

செய்ய வேண்டியது

நான்கு கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 2017 முதல் விதி. அவரவர் செல்போனிலேயே வாங்கலாம். தம் கணக்கைத் தாமே பார்த்தால் மதிப்பெண் குறையும் என்பது வீண் பயம், குறையாது. பல இடங்களில் ஒரே சமயத்தில் கடனுக்கு மனுப் போட்டால்தான் குறையும்.

பிழை கண்டால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் எழுத்து மூலம் புகார் செய்யலாம். கடன் தீர்ந்த சான்றிதழும் தள்ளுபடி ரசீதும் கையில் இருக்க வேண்டும். புகார் 30 நாளில் தீராவிட்டால், அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 நஷ்ட ஈடு உண்டு. 2024 ஏப்ரல் முதல் இது அமலில் இருக்கிறது. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

பட்டாவில் ஒரு சென்ட் குறைந்தால் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடப்பவர் நம் விவசாயி. அதே அக்கறை இந்தக் கணக்கின் மேலும் வேண்டும். விதைப்புக்குக் கடன் கேட்கப் போன இடத்தில் பிழை தெரிந்தால், அது திருந்துவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். ஆடி மாதமே பார்த்துவிட்டால் புரட்டாசிக்குள் திருத்திவிடலாம். வானம் நம் கையில் இல்லை. இந்தக் கணக்கைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது.