ஒரு பாகைக்கு நூறு நிமிடமா?



போன கணக்குத் தேர்வில் ஒரு சின்னக் கழித்தல். 90°-இல் 35° 42′ போனால் மீதி என்ன? நான் 54° 58′ என்று எழுதினேன். பக்கத்து பெஞ்சிலும் அதே விடை! (சத்தியமாக நான் பார்த்து எழுதவில்லை.) பேப்பர் வந்தப்போ வகுப்பில் பாதிப் பேருக்கு அதே இடத்தில் சிவப்புச் சுழி. சரியான விடை 54° 18′.

ஒரு பாகையைக் கடன் வாங்கினால் கிடைப்பது 60 நிமிடம். நாங்கள் பழக்க தோஷத்தில் 100 வாங்கிவிட்டோம். இதே நாங்கள்தான், 9 மணிக்கு 42 நிமிடம் முன்னாடி மணி எத்தனை என்று கேட்டால் டக்கென்று 8.18 என்போம். 8.58 என்று கிளம்பினால் பஸ் கிடைக்குமா? கடிகாரத்தில் தெரிந்த கணக்கு நோட்டில் ஏன் தெரியாமல் போச்சு? 35° 42′-ஐ ரஃப் நோட்டில் 35.42 என்று புள்ளி வைத்து எழுதுகிறோமே, அதுதான் காரணம் என்பேன்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூரின் அட்சரேகை சுமார் 12° 37′ வடக்கு. தசமத்தில் அது 12.62°. அதை 12.37° என்று எழுதினால் ஊரே 27 கிலோமீட்டர் தெற்கே, மேல்மருவத்தூரையும் தாண்டிப் போய்விடும்!

"கால்குலேட்டர்ல ஒரு பட்டன் அமுக்கினா மாறிடும், இதுக்குப் போய் அழறியே" என்றார் பிளஸ் டூ அண்ணன் ஒருவர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாதே அண்ணா! நமக்கு அட்டவணைதான். அதில் 0′, 6′, 12′ என்று ஆறு ஆறாகத் தாண்டுவது ஏன் என்று ரொம்ப நாள் விளங்கவில்லை. 6 நிமிடம் என்றால் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1°. அப்போ 42′ என்பது 0.7°. தெரிந்த பிறகு அட்டவணை மேல் இருந்த பயம் பாதி போச்சு.

இவ்வளவு சின்ன அளவு எதுக்கு என்று கேட்பவர்களுக்குப் பரங்கிமலையைக் காட்டுவேன். முன்பு அது நம் மாவட்டத்தில் இருந்த இடம். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்தைச் சங்கிலி போட்டு அளக்க 57 நாள் ஆனது. அதன் பிறகு பெரும்பாலும் கோணம்தான். அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மலை மேலும் கோபுரம் மேலும் ஏற்றிக் கோணம் பார்த்து, தூரத்தையெல்லாம் முக்கோணவியலில் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார்கள். 100 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் 29 மீட்டர் தள்ளிப் போகும். நான் தேர்வில் விட்டது 40 நிமிடம். ஒரு கிலோமீட்டருக்கும் மேல்!

எனவே கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டவணையைத் திறக்கும் முன் இரண்டு பீரியடாவது பாகை, நிமிடம், வினாடியில் கூட்டலும் கழித்தலும் மட்டும் போடச் சொல்லுங்கள். முடிந்தால் கோணமானியில் நூலும் கல்லும் கட்டிக் கொடிக்கம்பத்தை அளக்கவும் விடுங்கள். எங்கள் கோணமானியில் நிமிடம் தெரியாதுதான், இருந்தாலும் வெயிலில் நின்று அளந்தது மறக்காது.

நண்பர்களே, 180°-இல் 62° 15′ 40″ போனால் எவ்வளவு? புள்ளி வைக்காமல் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் இந்தத் தாளின் கீழே விடை எழுதுங்கள். பென்சிலில் எழுதினால் போதும்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி