ஐந்து அணி இருக்கு, ஊவா எங்கே?

ஜூலை 1ஆம் திகதி லங்கா பிரீமியர் லீக் 2024 தொடங்குது. யார் வெல்லுவார், யார் மண் கவ்வுவார் என்று ஆளாளுக்கு ஆரூடம் சொல்றாங்க. நாங்களும் சொல்லிவிடுகிறோம். சொல்லி முடித்த பிறகு ஒரு சண்டை இருக்கு. அதற்கும் கொஞ்சம் இருங்கள்.

எங்கள் கணக்கில் முதலிடம் ஜப்னா கிங்ஸ். பெத்தும் நிசங்க, குசல் மெண்டிஸ், அவிஷ்க பெர்னாண்டோ, ரைலி ரூசோ, அணித்தலைவர் சரித் அசலங்க. இந்த ஐந்து பேரில் இரண்டு பேர் நின்றாலே எதிரணிக்குத் தலைவலிதான். இரண்டாவது கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ். பத்திரனவின் யோர்க்கர், குர்பாஸின் ஆரம்ப அடி, நடுவில் கிளென் பிலிப்ஸ். ஆனால் திசர பெரேராவின் தலைமையில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மூன்றாவது கண்டி ஃபல்கன்ஸ். ஹசரங்கவும் மெத்யூஸும் இருக்கும் வரை யாரும் அவர்களைத் தள்ளிவிட முடியாது. காலி மார்வல்ஸுக்கு டிக்வெல்ல தலைவர். தீக்‌ஷன இருந்தும் நாலாவது இடம்தான் கொடுக்கிறோம். கடைசி இடம் தம்புள்ளைக்கு. ஏலம் முடிந்த கையோடு உரிமையாளர் ஆட்டநிர்ணய வழக்கில் கைதாகி, அணியே கைமாறி, 'தண்டர்ஸ்' 'சிக்ஸர்ஸ்' ஆகி வந்திருக்கு. நபியும் குசல் பெரேராவும் முஸ்தபிசுரும் இருந்தாலும் வீடு மாறின வாரத்திலேயே விருந்து வைக்க முடியாது, மச்சான்.

சரி, ஆரூடம் முடிந்தது. இப்போது சண்டைக்கு வருவோம்.

கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம். 2020இல் லீக் தொடங்கியதிலிருந்து இதே ஐந்து பெயர்தான். பதுளையும் மொனராகலையும் சேர்ந்த ஒரு முழு மாகாணம் இந்த வரைபடத்தில் கிடையாது. ஆட்டங்கள் பல்லேகல, தம்புள்ளை, கொழும்பு மைதானங்களில். பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ ஒருத்தன் பல்லேகலயில் இரவு ஆட்டம் பார்க்கப் போனால், வெலிமடை பக்கமாகப் போனாலும் மஹியங்கனை பக்கமாகப் போனாலும், முடிந்து வரும்போது பஸ் இருக்காது. அடுத்த நாள் வேலையும் போச்சு, பெயரும் போச்சு.

"ஊவாவுக்கு அணியா? யார் பார்ப்பான்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன ஞாபகமூட்டல். 2012இல் ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் என்று ஒன்று நடந்தது. ஏழு அணிகள். அதில் ஒன்று 'ஊவா நெக்ஸ்ட்'. அந்த வருஷம் இறுதிப் போட்டியில் நாகெனஹிர நாகாஸை வென்று கிண்ணம் தூக்கியதும் அதே ஊவாதான். தென்னாபிரிக்காவில் நடந்த சம்பியன்ஸ் லீக் வரைக்கும் எங்கள் மாகாணத்தின் பெயர் போனது. ஆனால் அந்த ஊவா, ஊவாவில் ஒரு பந்துகூட ஆடவில்லை. எல்லா ஆட்டமும் பல்லேகலவிலும் கொழும்பிலும்தான். பெயரை வாடகைக்கு எடுத்தார்கள், கிண்ணத்தோடு போய்விட்டார்கள். அடுத்த வருஷம் லீக்கே இல்லாமல் போனது. பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்துக்கு அந்த வெற்றியால் ஒரு நாள் கூட்டம்கூட வரவில்லை.

அதனால் "ஊவாவுக்கு ஓர் அணி கொடு" என்று மட்டும் கேட்பவர்களோடும் எங்களுக்குச் சண்டைதான். பெயர்ப்பலகை வேண்டாம். குழாமில் பெயர் வேண்டும்.

இரண்டு பதில்கள் எங்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்குது. ஒன்று, "ஜப்னா இருக்கே, தமிழ் அணிதானே?" ஆமாம், ஜப்னா வென்றால் எங்கள் லயத்திலும் பட்டாசு வெடிக்கும். ஆனால் அந்த அணியின் உண்மையான சாதனை கிண்ணங்கள் இல்லை, வியாஸ்காந்த். யாழ் மத்திய கல்லூரியில் படித்த சுழல்பந்து வீச்சாளர். 2020இல் முதல் பருவத்திலேயே, 19 வயது நிறையும் முன்பே, யாழ்ப்பாண அணிக்கு ஆடினார். 2024இல் ஹசரங்க காயத்தால் விலகியபோது ஹைதராபாத் அணி ஐபிஎல்லுக்குக் கூப்பிட்டது அவரைத்தான். ரி20 உலகக் கிண்ணத்துக்கு மேலதிக வீரராகவும் போனார். அவருக்குத் திறமை முன்பே இருந்தது. ஊரின் பெயரைச் சட்டையில் போட்ட அணி, ஊர்ப் பொடியனையும் எடுத்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி இருந்ததால்தான் அந்தத் திறமை வெளியே தெரிந்தது. எங்களுக்கு அந்த நெருக்கடியைக் கொடுக்க யாருமில்லை. (ஜப்னாவுக்கு எங்கள் குழாம் ஆலோசனையும் இதுதான்: எட்டு லீக் ஆட்டத்திலும் வியாஸ்காந்தை இறக்குங்கள். தண்ணீர் தூக்க வைக்காதீர்கள்.)

இரண்டாவது பதில், "முரளி வந்தாரே! திறமை இருந்தா வழி தானா திறக்கும்." இந்த வசனத்தைக் கேட்டாலே எங்களுக்குக் காய்ச்சல் வருது. முரளியின் தாத்தா தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர், உண்மை. ஆனால் முரளி வளர்ந்தது கண்டியில், பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய அப்பாவின் வீட்டில். படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே மைதானம் இருந்தது, பயிற்சியாளர் இருந்தார், கடினப்பந்து அணி இருந்தது. அந்த 800 விக்கெட்டுக்கு முரளியின் மணிக்கட்டு காரணம். அந்த மணிக்கட்டை யாரோ கவனித்துப் பார்த்ததும் காரணம். லயத்துப் பிள்ளையின் மணிக்கட்டை யார் பார்க்கிறார்கள்?

எங்களுக்குத் தெரிந்த ஒரு பொடியன் இருக்கான். தோட்டத்து கிரவுண்டில், சித்திரைக்கும் பொங்கலுக்கும் நடக்கும் ஆறு ஓவர் மென்பந்துப் போட்டிகளில், அவன் ஓடி வந்தால் துடுப்பாட்டக்காரன் ஸ்டம்பை விட்டு விலகி நிற்பான். கடினப்பந்தை முதல்முறை கையில் தொட்டபோது அவனுக்கு வயது 17. இரவல் சப்பாத்து போட்டுக்கொண்டு ஒரு தெரிவுக்குப் போனான். சப்பாத்து ஒரு நம்பர் பெரிசு. நாலு பந்து போட்டான். "மொன இஸ்கோலெத?" என்று கேட்டார்கள். பாடசாலையின் பெயரைச் சொன்னான். அங்கே லெதர் டீம் இருக்கா என்றார்கள். இல்லை என்றான். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். இப்போது அவன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். போன வாரம் கூப்பிட்டுக் கேட்டான்: "அண்ணே, இந்த முறை யாரு கப் அடிப்பா?"

காசுக் கணக்கையும் பாருங்கள். 2024 மே மாத ஏலத்தில் பத்திரனவை கொழும்பு 1,20,000 டொலருக்கு எடுத்தது. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 3 கோடி 60 லட்சம். எங்கள் அம்மாமாரின் நாட்சம்பளம் அப்போது, 2021இலிருந்து, 1000 ரூபாவாக இருந்தது. 2024இல் 1700 என்று வர்த்தமானி வந்தும் கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. அந்த 1000 ரூபா சம்பளத்தில் வருஷத்துக்கு 300 நாள் பேர் விழுந்தாலும், அந்த ஒரு ஏலத் தொகையைச் சேர்க்க ஒரு கொழுந்து பறிக்கும் பெண் 120 வருஷம் மலை ஏறியிருக்கணும். பத்திரன மேல் எங்களுக்குப் பொறாமை இல்லை, அவர் உழைப்பு அவருக்கு. எங்கள் கேள்வி வேறு: அந்த மேசையில் புழங்கிய காசில், மலைக்கு மேலே ஒரு கடினப்பந்து ஆடுகளமாவது போட ஏன் ஒரு சதம்கூட ஒதுக்கப்படவில்லை?

எங்கள் கோரிக்கைகள் பெரிசில்லை. ஒவ்வொரு அணியும் தன் குழாமில் லீக் போகாத மாவட்டங்களிலிருந்து இரண்டு இளைஞர்களை எடுக்கணும். இது வானத்திலிருந்து விழுந்த யோசனை இல்லை. 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது அணிகள் தங்கள் பிரதேச வீரர்களை எடுத்தே ஆகவேண்டும் என்று விதி இருந்தது. சென்னை அணிக்கு உள்ளூர் வீரர்கள் வந்த கதை அப்படித்தான் தொடங்கியது. அடுத்து, பதுளையிலோ பண்டாரவளையிலோ வருஷத்துக்கு ஒரு திறந்த தெரிவு. அறிவித்தல் தமிழிலும் வரணும், மென்பந்து ஆடினவனும் வரலாம் என்று எழுதியிருக்கணும். பந்து, பேட், சப்பாத்து அங்கேயே கொடுக்கணும். மூன்றாவது, தோட்டப் பாடசாலைகளில் கொத்தணிக்கு ஒன்றாவது கடினப்பந்து அணி. நாலாவது எங்கள் சொந்தத் தலைவர்களுக்கு: தேர்தல் வந்தால் ஜேர்சியும் கரம் போர்டும் பகிர்ந்துவிட்டு போட்டோ எடுப்பதை நிறுத்துங்கள். ஜேர்சி எங்களிடம் நிறைய இருக்கு. அதைப் போட்டு ஆட மட்டமான ஒரு கிரவுண்ட் இல்லை.

21ஆம் திகதி இறுதிப் போட்டி. நாங்களும் பார்ப்போம், ஜப்னாவுக்குக் கத்துவோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை செய்கிறோம். ஹாலிஎல, தெமோதரை, நமுனுகுல, மடுல்சீமை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று தோட்டம் தோட்டமாகப் போய் ஓர் ஊவா குழாம் எழுதப்போகிறோம். உங்கள் டிவிஷனில் ஓடி வந்து போடும் பொடியன் இருந்தால், ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை இருந்தால், எங்களுக்குச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பதினைந்து பேர் சேர்ந்ததும் பட்டியலைத் தூக்கிக்கொண்டு தெரிவாளர்களிடம் போவோம். "ஊவாவில் ஆள் இல்லை" என்று அந்தப் பட்டியலை வாசித்த பிறகு சொல்லட்டும்.