தாயின் முதுகுவலி யார் கணக்கில்?

'முதுகில் ஊசி போட்டார்கள். அன்று பிடித்த வலி இன்னும் விடவில்லை.' கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலம் பகுதியில், அறுவைச் சிகிச்சையில் குழந்தை பெற்ற பெண்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வலி உண்மை; சொல்லப்படும் காரணம்தான் பெரும்பாலும் உண்மையன்று. ஊசி குத்திய இடத்தில் சில நாள்கள் நோவு இருக்கலாம். ஆனால், நெடுநாள் முதுகுவலிக்கு அதுவே காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

கர்ப்ப காலத்தில் இடுப்பு மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்கின்றன. வயிற்றுத் தசைகள் விரிந்து வலுவிழக்கின்றன. உடலின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. கர்ப்பிணிகளில் மூன்றில் இரு பங்குக்கும் மேற்பட்டோர் கீழ்முதுகு வலியால் அவதியுறுவதாக 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. தசைகள் மீண்டும் வலுப்பெறும் முன்பே மரவள்ளிக் காட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் வேலைக்குத் திரும்பும் தாய்க்கு அந்த வலி தங்கிவிடுகிறது.

பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றும் நம் வழக்கம் இதமானது, இகழத்தக்கதன்று. ஆனால், அதற்கு எல்லை உண்டு. ஆறாத அறுவைப் புண்ணருகே அழுத்தக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அது இரத்தக் கட்டாக இருக்கலாம். தேய்ப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் வலியின் இடத்தைச் சோதித்தறிந்து, மூட்டையும் தசையையும் கைகளால் மென்மையாக இயக்கிச் சிகிச்சை அளிக்கிறார். அது வலியைத் தணிக்க உதவலாம். நீடித்த பயனுக்கு உடற்பயிற்சியும் சேர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளும் கர்ப்ப காலம் முழுவதும் உடற்பயிற்சியை வலியுறுத்தி, இயன்முறை சிகிச்சையை ஒரு வழியாகக் குறிப்பிடுகின்றன.

தமிழகத்தில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன, 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சைகள் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. பிரசவத்தைப் பாதுகாப்பாக்கியதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால், தாயும் சேயும் நலம் என்று எழுதி முடித்த பின், அத்தாய் நிமிர்ந்து நடக்கிறாளா என்று கேட்பவர் யார்?

இதற்குப் புதிய திட்டம் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை ஏற்கெனவே வீடு தேடி வருகிறது. முடங்கிய முதியவரைத் தேடி வருபவர், அதே தெருவில் உள்ள தாயின் வீட்டுக்கும் செல்லலாம். கிராம சுகாதார செவிலியர் பிரசவத்துக்குப் பின் செல்லும்போது 'முதுகு வலிக்கிறதா?' என்று கேட்டுப் பதிவுசெய்து, அவரிடம் அனுப்பினால் போதும். மாதந்தோறும் 9-ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனையில் எளிய பயிற்சிகளையும் கற்றுத்தரலாம்.

'பிள்ளை பெற்றால் வலிக்கத்தான் செய்யும்' என்ற சொல்லால் இத்தனை காலம் பெண்களைப் பொறுக்கப் பழக்கிவிட்டோம். பொறுத்துக்கொள்வது மருந்தாகாது. தாயின் முதுகுவலியும் அரசின் பதிவேட்டில் ஏற வேண்டும்.